வேளைக்கு ஆறு

விசுவமடுவில் நான் இரும்பு நிறுக்கிறவள்.
கிலோ எவ்வளவு என்று எவரும் கேட்கலாம்.
எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.
அது எங்கள் யாவாரத்தின் மரியாதை.

அந்தத் துண்டு பெருவிரல் அளவுதான்.
ஈயத்துக்குள் கிடந்தது. ஈயத்துக்கு நல்ல விலை.
மரியசீலன் அறுத்தான், நான் பிடித்துக்கொண்டேன்.
உள்ளே உப்பைப்போல ஒரு மா.
தும்மினேன்.
அவ்வளவுதான் நடந்தது.

கிளிநொச்சி ஆசுபத்திரியில் கடைசி அறை.
கொழும்பிலிருந்து வந்த பெட்டியை
என் நெஞ்சுக்கு நேரே பிடித்ததும்
சூடான தாச்சியில் கடுகு விழுந்ததுபோல் வெடித்தது.
டொக்டர் விதானகே
தமிழைத் தேடித் தேடிச் சொன்னார்:
"தசையில் இருக்கு.
பொட்டாசியம் என்று நினைச்சு
உடம்பு வச்சிருக்கு. விடாது."

மருந்து நீலம்.
பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடும் நீலமல்ல,
அதற்குத் தங்கச்சி முறை.
வேளைக்கு ஆறு குளிசை, நாளைக்குப் பதினெட்டு.
குடலுக்குள் காத்திருந்து
பித்தத்தோடு இறங்கி வருவதைப்
பிடித்துக்கொண்டு வெளியே போகுமாம்.

போனது. நீலமாய்ப் போனது.
நாற்பத்தாறு வயதில் கக்கூசுக்குள் இருந்து
தனியே சிரித்தேன்.
"மூடியை மூடி மூன்றுதரம் பிளஷ் பண்ணுங்கோ அக்கா"
என்றாள் தாதி சுபாங்கினி.
பல் நீலம், நாக்கு நீலம்.
கண்ணாடிக்கு அப்பால் நின்று மகன்
நாக்கை நீட்டச் சொல்லிச் சைகை காட்டுவான்.

படிவத்தில் ஒரு கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
உண்டு. இடது இடுப்பில். மாத்தளனில் வாங்கியது.
டொக்டர் பெட்டியை அங்கே பிடித்தார்.
பெட்டி பேசவில்லை.
"அது ஒன்றும் செய்யாது" என்றார்.
பிறகு என் முகத்தைப் பார்த்து,
"இந்தப் பெட்டிக்குத் தெரியாது" என்று திருத்தினார்.
அந்த மனிசனை அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

கணக்கும் சொன்னார்.
வெளியே கிடந்தால் பாதியாக முப்பது வருசம்.
உடம்புக்குள் நூற்றுப்பத்து நாள்.
நீலத்தோடு முப்பது.
பாதி, அதில் பாதி, அதிலும் பாதி.
எப்ப முடியும் என்று கேட்டேன்.
முடியாது, சின்னதாகும் என்றார்.

மரியசீலனுக்கு வெள்ளையணு இறங்கி
இரவோடிரவாகக் கொழும்புக்கு ஏற்றினார்கள்.
அவனுடைய கணக்கை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம்
பெட்டிக்குள் ஒரு கடுகு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

இப்போது நிறுவைத் தட்டில் வேறொருத்தி.
நான் படலையில் நிற்கிறேன்,
ஈயம் வந்தால் எங்கிருந்து என்று கேட்கிறேன்.
சிலர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.
முதலாளி முறைக்கிறார்.

வீட்டுக் கக்கூசில் பிளஷ் இல்லை.
மூன்று வாளி ஊற்றுகிறேன், இன்னமும்.
கிணற்றில் தண்ணி வத்துற மாதத்திலும்.
ஒன்று காணுமே அம்மா என்கிறான் மகன்.
காணும்தான்.