அறுநூற்றுப் பதினொன்று

ஓல்டனில் எல்லாரும் இறங்குவார்கள்.
இறங்கி, ரயில் மாறி, போய்விடுவார்கள்.
இந்த ஊரில்தான்
மெத்தைக் கம்பெனி தன் பேரில்
ஒரு கிண்ணத்துக்கு ஆட்டம் வைக்கிறது.

வென்றால் மேலே ஏறுவதில்லை,
தோற்றால் கீழே இறங்குவதில்லை.
பாதிப் பருவம் முடிந்து
வீரர்கள் விடுமுறைக்குப் போகுமுன் ஒருநாள்
கால்களைக் கடனாகக் கேட்டு வாங்கிய ஆட்டம்.
ஒரு அணி ஜெனீவாப் பக்கம்,
மற்றது போடன் ஏரிக்கரை.
வரைபடத்தில் அடிமட்டம் வைத்து
நடுப்புள்ளி கண்டுபிடித்திருக்கிறார்கள்.
நடுப்புள்ளியில் யாருக்கும் வீடில்லை.

எனக்கு வடக்கு வாசல்.
உள்ளங்கைக்குள் எண்ணும் கருவி,
பெருவிரலுக்கு ஒரு பொத்தான்,
ஆளுக்கு ஒரு க்ளிக்.
முந்தின வருசம் இரண்டு பெருவிரலும் நொந்தன.
போன வருசம் ஒன்று.
இந்தமுறை கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள்: க்ளிக், க்ளிக், க்ளிக்.
பிறகு வெகுநேரம் பனிமூட்டம்.
பிறகு,
பெரிய மேளத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒருவன்.
'மற்ற ஆக்கள்?'
'வீட்டில். டிவியில் பார்ப்பார்கள்.
நான் அடிப்பது கேட்டால் மெசேஜ் போடுவதாகச் சொன்னார்கள்.'
அந்த மேளத்தையும் ஒரு ஆளாகப் போடலாமா
என்று விரல் கேட்டது.
போடவில்லை.

உள்ளே ஒவ்வொரு இருக்கையிலும்
இலவசமாய் ஒரு குஷன்.
நீலம், சிவப்பு, வெள்ளை, இடைக்கிடை பச்சை,
வேண்டுமென்றே கலைத்துப் போட்டது.
எதிர்க்கரைக் கமராவுக்கு அது
குளிர்கோட்டுப் போட்ட சனமாகத் தெரியுமாம்.
ஹுன்சிக்கர் சொன்னார், கண்ணடித்துக்கொண்டு.
நேரில் பார்த்தால்
'இருந்தார்கள்' என்று தொடங்குகிற வாக்கியம்
'இருந்தன' என்று முடியும்.

நாலு வாசலையும் கூட்டினேன்,
ரொட்டிக்கடைத் துண்டின் பின்பக்கத்தில்.
அறுநூற்றுப் பதினொன்று.
சந்தேகத்தில் மறுபடி கூட்டினேன்.
கணக்கு கூடுவதாயில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்
ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது:
'இன்று வந்திருப்பவர்கள்
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நன்றி!'
மேளக்காரன் மட்டும் அதற்கு இரண்டு தட்டுத் தட்டினான்.

'விற்றது அவ்வளவு' என்றார் ஹுன்சிக்கர், 'பொய்யில்லை.'
உண்மைதான். வாங்கியதும் கம்பெனிதான்.
பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கட்டு,
முதியோர் இல்லங்களுக்கு ஒரு கட்டு,
மெத்தை வாங்கினவர்களுக்குத் தலையணை உறைக்குள் ஒன்று.
எங்கோ ஒரு படுக்கையறையில்
யாரோ ஒருவரின் காதுக்கடியில்
என் வடக்கு வாசல் மடிந்து கிடக்கிறது.

என் மொழியில் ஆளை எண்ணினாலும் பேர்,
அழைத்தாலும் பேர்.
ஜெர்மனில் இதை எப்படி விளக்குவது?
மூவாயிரத்து ஐந்நூற்று ஒரு பேர்,
ஒருவருக்கும் பேரில்லை.

இடைவேளையில் சனம் வெளியே வந்தது.
தேநீருக்கென்று நினைத்தேன்.
ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்கள்.
அந்தத் தகப்பன், பிள்ளைகளின் கழுத்துச்சால்வையை இறுக்கி,
'ஒன்றும் தெரியவில்லை' என்றான்,
மன்னிப்புக் கேட்பதுபோல, என்னிடம்.
பெருவிரல் தானாக எழும்பியது.
வெளியே போகிறவர்களுக்கு
இந்தக் கருவியில் பொத்தான் இல்லை.

வாசலைச் சாத்திவிட்டு
நானும் உள்ளே போய் இருந்தேன்.
என்னை எண்ணவில்லை; எனக்குச் சம்பளம்.
பனிக்குள் பந்து உதைபடும் சத்தம்,
பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை,
விசில்,
திடீரென்று பதினைந்து இருபது குரல்
ஒன்றாக எழும்பி அடங்கியது.
கமராக்காரன் குஷன்களைப் படம்பிடித்தான்.
ஒரு காகம் பச்சையில் இருந்து சிவப்புக்கு மாறியது.

முடிந்தபின் ஆளுக்கு நாலு எடுத்துப்போகச் சொன்னார்கள்.
நான் ஆறு எடுத்தேன்.
பஸ்சில் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.
ஏறின பெண் ஒருத்தி, 'இங்கே ஆள் இருக்கிறதா?' என்றாள்.
இல்லை என்று மடியில் தூக்கிவைத்தேன்.

வீட்டில் லக்சிகா கேட்டாள்,
'அம்மா, யார் வென்றது?'
'யாரோ கத்தினார்கள்' என்றேன்.
'எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.'
அவள் சிவப்புக் குஷனை எடுத்துக்கொண்டு
டிவி முன்னால் போனாள்.