ஒரே தட்டில் பிறந்தவர்கள்

எண்பத்திரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து
நேற்று ஏறி வந்த கல்
பெட்டி பதினேழில் படுத்திருக்கிறது.
மணிக்கட்டுப் பருமன், ஏழு துண்டு.
நனைத்துத் துடைத்தால்தான் நிறம் காட்டும்:
சாம்பலுக்குள் கொஞ்சம் ரோஜா, அதன் மேல்
மிளகு தூவியதுபோல் கறுப்பு அபிரகம்.

ஹில்வியூ சரிவில், சுரங்கப்பாதை வரப்போகும் இடத்தில்
என் வேலை இது.
விரிசல் எத்தனை, சாய்வு எவ்வளவு,
சுத்தியல் பட்டால் கணீரென்கிறதா
தொப்பென்கிறதா.
படிவத்தில் பதினோரு கட்டம்.
வயதுக்கு ஒரு கட்டமும் இல்லை.
தோண்டுகிறவனுக்கு வயது எதற்கு என்பார் திரு. கோ.
நியாயம்தான்.
ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன்,
அழித்தால் அழிகிற மாதிரி:
இருபத்துமூன்று கோடி ஆண்டு, கூடக்குறைய.

அப்போது இந்தத் தீவு கிடையாது.
ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலும் இப்போது கிடையாது.
அதன் தரை மூத்து, குளிர்ந்து, கனத்து,
பக்கத்து நிலத்துக்கு அடியில்
தலை குனிந்து நுழைந்தது,
ஈரத்தைக் கல்லுக்குள் முடிந்துகொண்டு.
தண்ணீர் தெளித்தால் தணல் அடங்கும், அடுப்படியில்.
அத்தனை ஆழத்தில் சங்கதி வேறு:
தண்ணீர் சேர்ந்தால்தான் பாறை இளகும்.
இளகியது மேலே கிளம்பி
வாசல்வரை வராமல்
பாதி வழியில் நின்றது,
கிலோமீட்டர் கணக்கில் நிலத்தைப் போர்த்திக்கொண்டு
அவசரமில்லாமல் ஆறியது.
இந்தப் பரல்கள் இவ்வளவு பெரிதாக இருப்பது
அவசரம் இல்லாததால்தான்.
பிறகு மழை.
மேலிருந்ததை எல்லாம் மழை கொண்டுபோனது.
மிச்சத்துக்குப் புக்கித் தீமா என்று பெயரிட்டு
படிக்கட்டு அமைத்து
குரங்குக்குத் தீனி போடாதீர் என்று பலகை நட்டோம்.

மதியம் உணவங்காடி.
தட்டுகளைத் திருப்பி வைக்கவும் என்கிறது தூண்.
துளையிடும் இயந்திரத்தை ஓட்டும் மொனிருல்
ஒவ்வொரு நாளும் அந்தத் தமிழ் எழுத்தை
படம் பார்ப்பதுபோல் பார்ப்பான்.
இன்று அர்த்தம் சொன்னேன்.
நிலத்துக்கும் இதே சொல்தான், தட்டு;
அதுவும் பழைய தட்டுகளைத் திருப்பித்தான் வைக்கிறது,
கடலடிப் பள்ளத்தில், என்றேன்.
"அபராதத்துக்குப் பயந்தா?" என்றான்.

அப்போதுதான் சுகிர்தா அழைத்தாள்.
காலாங் பக்கம், பதினாறாம் மாடி.
"விளக்கு ஆடுது, அக்கா.
மீன் தொட்டித் தண்ணி சாஞ்சு சாஞ்சு வருது.
அங்கே நீ எதையாவது தோண்டித் தொலைச்சியா?"

என் கோப்பியைப் பார்த்தேன்.
ஒரு வளையம்கூட இல்லை.

சுமத்ராவுக்கு மேற்கே ஏதோ நழுவியிருக்கிறது.
பல வருடம் பிடித்துவைத்த பிடி
சில நொடி தளர்ந்திருக்கும்.
என் காலடிக் கருங்கல்லில்
அந்த அலை பேச்சில்லாமல் கடந்துபோகும்.
காலாங்கின் கடற்களிமண்ணோ அகர் அகர்;
தட்டை லேசாக நகர்த்தினாலும்
ஆடி முடிக்க நேரமாகும்.
"படியில் இறங்கு, லிஃப்ட் வேண்டாம்" என்றேன்.
"மீனு?" என்றாள்.

மொனிருல் குஷ்டியாக்காரன்.
நானும் சுகிர்தாவும் கரூர்.
மூவரும் ஒரே தட்டில் பிறந்தவர்கள்.
அதன் ஓரம்தான் அங்கே
இந்தத் தட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது,
நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் வேகமாக.
எங்கள் ஊர் நேராக இங்கே வராது, அது வடக்கே போகிறது,
இமயத்தை இன்னும் முட்டிக்கொண்டு.
ஓரம் மட்டும்தான் இந்தப் பக்கம்.
அதற்கு வேலை அனுமதிச் சீட்டு கேட்க ஆளில்லை.

அவன் என் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய்
வைத்துவிட்டு வந்தான்.

பெட்டி பதினெட்டு.
நனைத்தேன். மூன்றாவது துண்டில் ஒரு விரிசல்.
துளையிடும்போது விழுந்ததா, முன்பே இருந்ததா
என்று கேட்கிறது படிவம்.
விளிம்பில் துருவின் மஞ்சள்;
தண்ணீர் நடந்த தடம்.
முன்பே, என்று எழுதினேன்.
பேனாவால்.