குளிர்ப்பெட்டிகள் எந்த வரிசையில், அப்பா?

பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
ஃபென்னா டீச்சர் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல்
மேசை மேசையாக வைத்துக்கொண்டே போனாள்.
"இதில் ஏதாவது வீட்டில் தென்பட்டால்..."
முடிக்கவில்லை.
முடிக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

யார் காசென்று தெரியாத காலணி.
இரண்டாவது கைபேசி.
பெயர் சொல்லாத கூட்டாளிகள்.
சாத்திய அறை. பேசாத வாய்.

பக்கத்து நாற்காலியில் ரொட்டிக்கடை ஹாலுக்
இரண்டாம் வரியில் வைத்த விரலை
கூட்டம் முடியும்வரை எடுக்கவில்லை.
பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.
என் பேனா எந்த வரியிலும் நிற்கவில்லை.
என் எடில்சன்
அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தான்.

பத்தொன்பது வருடமாக
ராட்டர்டாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
பதினான்கு மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
தரையும் கண்ணாடி.
எட்டு மணி நேரம் குனிந்தே பார்த்துப் பார்த்து
கழுத்து ஒரு பக்கமாக இறுகிப்போன மனிதன்.
என் வேலையைப் பற்றி
வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை,
கழுத்துக்குத் தைலம் வேண்டுமா என்பதைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டான்:
குளிர்ப்பெட்டிகள் எந்த வரிசையில், அப்பா?
ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும்?
அட்டையைக் காட்டினால்
கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?

எனக்குக் கை கால் ஓடவில்லை.
டியோலிண்டா கச்சூப்பாவுக்கு ஊறவைத்திருந்த
மக்காச்சோள மணிகளை அள்ளி
மேசைமேல் துறைமுகத்தையே பரப்பினேன்.
இது கப்பல். இது வேலி. இந்த ஆறு மணியும் ஈக்வடார் வாழைக்காய்.
அவன் படம் எடுத்துக்கொண்டான்.
"ஞாபகத்துக்கு" என்றான்.

பையன் உன் வேலைக்கே வருவான் பார் என்றாள் அவள்.
உணவு இடைவேளையில் நான் அதை
நான்கு பேரிடம் சொன்னேன்.
சம்பளம் வந்ததும் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன்,
குதிகாலில் ஒளிரும் பட்டை வைத்தது,
இருட்டில் வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.
ஆகவே காலணி யார் காசென்று
எனக்கு நன்றாகவே தெரியும்.

அவன் சட்டையில் பச்சை வாழைக்காய் வாடையும்
இரும்புக் குளிரும் அடித்ததாம் ஒருநாள்.
என் சட்டையென்று நினைத்து
என் கொக்கியிலேயே மாட்டினாள் டியோலிண்டா.
என் பர்ஸில் நுழைவு அட்டை திரும்பியிருந்தது,
என் முகம் உள்பக்கம் பார்த்தபடி.
அதை நேராக்கி வைத்தேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி. அதிகாலை மூன்றேகால்.
பெட்டி ஒன்று கயிற்றில் தொங்குகிறது.
கீழே கூச்சல், டார்ச், நாய்கள்.
இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலிருந்து
மூன்று பேர் வெளியே விழுகிறார்கள்.
அந்த உயரத்திலிருந்து முகம் தெரியாது.
மனிதன் என்றாலே ஒரு புள்ளி.
ஒரு புள்ளியின் அடியில் மட்டும்
சின்னதாய் இரண்டு வெளிச்சம்
மாறி மாறி,
மாறி மாறி,
வேலியை நோக்கி.

கைப்பிடியை நான் விடவில்லை.
பெட்டியை மெல்ல,
ஒரு முட்டையை வைப்பதுபோல்,
லாரிமேல் இறக்கினேன்.
அதற்குப் பிறகுதான் கை நடுங்கியது.

ஹாலுக்கின் மகனுடைய இரண்டாவது கைபேசி
யாரோ ஒரு பெண்ணுக்காகவாம்.
ரொட்டியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்,
சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு.
மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமைகளில் எடில்சனைப் பார்க்க அனுமதி.
தரையோடு அறைந்த மேசை.
இப்போது நான்தான் கேட்கிறேன்:
ராத்திரி என்ன சாப்பாடு,
ஜன்னல் எந்தப் பக்கம்,
விளக்கை எப்போது அணைப்பார்கள்,
பக்கத்து அறையில் யார்.

நிமிர்ந்து பார்க்கிறான்.
பதினாறு வயது. மேலுதட்டில் மூன்றே மயிர்.
"எதுக்குக் கேக்கிறீங்க?"

மணிகளைப் பரப்பும் முன்
நான் கேட்டிருக்க வேண்டியது
அந்த ஒன்றுதான்.