வலது கையுறை

தலன்சத்கத் மருத்துவமனை, மூன்றாம் எண் அறை.
டாக்டர் ஓதோன்சிமெக் லென்ஸை ஊதித் துடைத்து
என் மகளின் உச்சியில் வகிடு எடுக்கிறார்.
கோட்டுப் பொத்தான் அகலத்தில் ஒரு வெறுமை.
சுற்றிலும் ஆடு மேய்ந்துவிட்ட புல்.

குட்டிகளோடு படுக்கிறாளா?
படுக்கிறாள், கறுத்த மூக்குக்காரியோடு.
படையென்றால் செதில் இருக்கும், இங்கே இல்லை.
காய்ச்சல்?
வெள்ளை மாதம் முடிந்து மூன்று நாள்.
அது தலை முழுக்கக் கொட்டும், ஓரிடத்தில் அல்ல.
இறுக்கிப் பின்னுவீர்களா?

காலையில் எனக்கு ஏழு நிமிடம்தான்.
இதை நான் சொல்லவில்லை.

இரும்புச்சத்து பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.
செல்மெக் அழவில்லை. குழாயில்
தன் சிவப்பு ஏறுவதை வேடிக்கை பார்த்தாள்.

பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தினார்:
உதிர்ந்ததில்லை இது, பிடுங்கியது.
வீட்டில் ஏதாவது?

வீட்டில் என்ன.
அவள் அப்பா நிலக்கரி லாரியில்,
எல்லை வரிசையில் எண்பத்தாறாவது வண்டி.
போனில் முகம் உறைந்து உறைந்து வருகிறது.
இருபதாம் தேதி அவளுக்கு முதல் முடி வெட்டு.
நீலப் பட்டு கட்டிய கத்தரியால்
வந்தவர்கள் ஆளுக்கொரு கொத்து எடுப்பார்கள்.
அவரால் வர முடியாது என்று சொன்னது நான்தான்,
பால் காய்ச்சிக்கொண்டே,
முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்றிரவு மெத்தைக்கடியில் கிடந்தது
அவருடைய வலது கையுறை.
இடதை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார்.
கட்டைவிரல் நிறைந்து, சுட்டுவிரல் பாதிவரை
மெல்லிய கறுப்பு.
சிலவற்றின் நுனியில் வேரின் வெள்ளைப் புள்ளி.

“அது அப்பாவோட பங்கு. நீ எடுக்காதே.”
வலிக்கலையா?
யோசித்தாள்.
“கொத்தா எடுத்தா வலிக்கும். ஒண்ணொண்ணா எடுத்தா
கொஞ்சம்தான்.”

டாக்டருக்குப் போன் செய்தேன்.
சற்று நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும்.
நகத்தை ஒட்ட வெட்டுங்கள்,
ராத்திரி கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்,
திட்டாதீர்கள்.

இடது காதுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதே,
முட்டை ஓடு மாதிரி வழவழவென்று?

அதை அவள் பிடுங்கவில்லை, என்றார்.
அது வேறு. தானாக முளைக்கலாம், பெரிதாகவும் ஆகலாம்.
ஏனென்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.
ஜூன் வரை பார்ப்போம்.

கையுறையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
அவள் கையில் ஒரு நூல்கண்டைக் கொடுத்திருக்கிறேன்,
சுற்றுகிறாள், பிரிக்கிறாள், சுற்றுகிறாள்.

வரிசையில் இப்போது
எழுபத்தொன்பது.