இடமிருந்து வலம்

தொடுவதில்லை.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
செம்பு எஃகைத் தொட்டால் ஷார்ட்,
திரை சிவக்கும், தலை தானாக மேலேறும்.
நாற்பது மைக்ரான் தள்ளி நின்று
எண்ணெய்க்கு அடியில்
வினாடிக்குப் பல்லாயிரம் பொறி.
ஒவ்வொன்றும் கிள்ளி எடுப்பது
கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு.

பேட்டை தொழிற்பேட்டை, ஆடி மாதம்,
இரவு ஒன்றே முக்கால்.
கூரைத் தகரத்தைக் காற்று உலுக்குகிறது.
கயத்தாறு பக்கம் எந்த இறக்கையோ சுற்றி அனுப்பிய கரண்ட்
என் தொட்டிக்குள் நீலமாய்க் கொறிக்கிறது என்று
நினைத்துக்கொள்வேன், உறக்கம் வராமலிருக்க.

அச்சு, சுக்குப்பொடி டப்பாவின் மூடிக்கு.
கேட்டவர் ஆழ்வார்குறிச்சி பரமகல்யாணி.
ஊர்ப்பக்கத்து ஆற்றின் பேரையே பொடிக்கு வைத்திருந்தார்:
கடனா.
பாதிப் பணம் முன்னால், மீதி மூடி கைக்கு வந்தபின்.
"பேர்லயே கேட்டுட்டாங்களே" என்றான் மசூது.

ஆழம் பூஜ்யம் புள்ளி நான்கு.
எண் வந்ததும் தொட்டியை வடித்தேன்.
கறுப்புச் சகதியை வேஸ்ட் துணியால் ஒற்றி
டார்ச் அடித்தேன்.
சாம்பல் நிறத்தில், ஓரம் சிதறாமல்
கடனா
என்றிருந்தது.

வாசிக்க முடிந்தது.
அதுதான் தப்பு.

அச்சில் எழுத்து புரியக் கூடாது.
'ட' தன் சுவரை வலப்பக்கம் தூக்கி நிற்க வேண்டும்.
துணைக்கால் வரிசையில் முந்தி வர வேண்டும்.
அப்போதுதான் பிளாஸ்டிக் பாய்ந்து, குளிர்ந்து,
கழன்று விழும்போது பேர் நேராகும்.
செம்பு மூடியைப் போலவே இருக்கும்;
எஃகு மட்டும் மாறி நிற்கும்.
எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.
தெரிந்த இதே கைதான் கம்ப்யூட்டரில்
'அச்சுதானே' என்று மிர்ரர் அமுக்கி
ஒரு தடவை கூடுதலாகத் திருப்பிவிட்டு
மசூதுக்கு வெட்ட அனுப்பியிருக்கிறது.

மேலப்பாளையத்திலிருந்து கைலியோடு வந்தான்.
குனிந்தான். சத்தமாகவே வாசித்தான்.
"நல்லாத்தான் விழுந்திருக்கு வே.
கண்ணாடி முன்னால வச்சு விக்கச் சொல்லும்."

எடுத்த எஃகைத் திரும்ப வைக்க முடியாது.
வெல்டிங் வைக்கலாம்,
பாலிஷ் போட்டதும் தேமலாய்க் காட்டிக்கொடுக்கும்.
கட்டையையே மாற்றலாம், முப்பத்தெட்டாயிரம்.
அண்ணாச்சி எட்டு மணிக்கு வருவார்.

பிளாஸ்க் டீ முடியும்வரை மசூது பேசவில்லை.
பிறகு, "மொத்தமா இறக்கிருவோம்" என்றான்.
எழுத்து நான்கு பாயின்ட் ஆழம்.
அதைச் சுற்றி ஒரு நீள்வட்டம், ஆறு பாயின்ட்.

மொட்டைச் செம்பை மாட்டினேன்.
மறுபடி அந்தச் சரசரப்பு,
மறுபடி குமிழி, கருகல் வாடை.
எழுத்தை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.
அதைச் சுற்றியிருந்த தரைதான்
தூசு தூசாக இறங்கி
அதன் மட்டத்துக்கு வந்து நின்றது.
பிறகு அதையும் தாண்டிப் போனது.

விடியும்போது புதுச் செம்பு:
நேரான 'க', நேரான 'ட'.
மூன்று தடவை பார்த்தேன்.
மசூது தலைகீழாகப் பிடித்தும் பார்த்தான், எதற்கென்று தெரியவில்லை.
இறக்கி முடித்துத் துடைத்தபோது
எஃகில் ஒன்றும் புரியவில்லை.
அப்பாடா.
கை கழுவும் சோப்பை அழுத்தி எடுத்தோம்.
கடனா, பச்சை நிறத்தில்.

அண்ணாச்சியிடம் நானே சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மின்சார பில் என்னவென்று மட்டும் கேட்டார்.

பரமகல்யாணி முதல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பேருக்கு அடியில் எழும்பியிருந்த நீள்வட்டத்தில்
கட்டைவிரல் போய் நின்றது.
"இந்த மேடு நான் சொல்லலையே."
"பிடிச்சுத் திறக்க" என்றேன்.
"நல்லாத்தான் இருக்கு. இதுக்குத் தனியாப் போடுவீங்களோ?"

மசூது அவசரமாக டீ வாங்கப் போய்விட்டான்.