இதர பயிர்கள்

பசலி முடிய ஒன்பது நாள் இருக்கையில்
கொம்புக்காட்டு அடங்கலோடு மலையேறினேன்.
சாமை, காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று
அச்சடித்து வந்த பக்கத்தில்
இந்த ஊர்ப் பயிருக்குப் பெயர் இல்லை.

இங்கே விளைவது நிழல்.

சில்வர் ஓக்கை வெட்டி விற்ற வருஷம்
காப்பிச்செடி நின்றபடியே கருகியதாம்.
செம்மண்ணைக் கிளறியவர்களுக்கு
மரங்களின் நிழல் மட்டும்
வேரோடு மிச்சம் கிடைத்தது.
மஞ்சள் கிழங்கு போல் கணு பார்த்து நறுக்கி
ஆளுக்கொரு பாத்தி ஊன்றினார்கள்.
முளைத்துவிட்டது.

உச்சிவேளையில் அறுத்தால் குட்டை, ஆனால் கெட்டி.
ஐந்து மணிக்கு அறுத்தால்
முழம் முழமாக நீளும்,
பழைய வேட்டி மாதிரி விரல் பட்டதும் நையும்.
மூன்றரைக்கு அரிவாள் வைப்பவர்தான்
விவரமான குடியானவர்.
நிலா வெளிச்சத்தில் விளைந்ததை
ஆடுகூட அண்டாது.

பாயாகச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
கட்டு நழுவி நழுவி
முன்சீட்டுக்காரர் மடி சில்லிட்டுப் போகும்.
எடை இல்லையே என்றால்
"இடம் அடைக்குதுல்ல" என்று
லக்கேஜ் கிழிப்பார் கண்டக்டர்.
செவ்வாய்ப்பேட்டையில் முழக்கணக்கு.
வெள்ளைக்கல் வெட்டுகிறவர்கள்
தலைத்துண்டுக்குள் மடித்து வைக்க
அரை முழம் வாங்குவார்கள்.
போன பங்குனியில் ஆத்தூர்ப் பக்கம்
ஒரு லாரி கவிழ்ந்து
ஜவ்வரிசிக் களம் முழுக்கக் கொட்டிப்போய்
நாலு நாள் மாவு காயவில்லை.
வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

புல எண் நாற்பத்தொன்று பை இரண்டு, குப்பாயி.
வரப்பில் நின்றிருந்தாள்.
பதினோரு மணி வெயில்.
காலடியில் ஒன்றும் இல்லை.

பார்க்கக் கூடாததைப் பார்த்தவனாய்
பேனாவைத் திறந்து மூடினேன்.

"விதைக்கு மண்டிக்காரன்
ரெண்டு பங்கு கேட்டான் சார்.
கைவசம் இருந்ததைப் போட்டுட்டேன்."

வலித்ததா என்றேன்.

"கணுக்கால்கிட்ட கொஞ்சம்.
மத்தபடி, ராத்திரியில எல்லாரும் இப்படித்தானே."

காடு நிறைய அவளே முளைத்திருந்தாள்.
களை பிடுங்கக் குனிந்தவள்,
விறகுக்குக் குனிந்தவள்,
குடம் இறக்கக் குனிந்தவள்,
எதையோ தொலைத்துவிட்டு மண்ணைத் தடவுகிறவள்.
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
முந்நூற்றுப் பதினொன்று. எல்லாம் குனிந்தவை.

மேற்கு மூலையில் கற்குவியல் பக்கம்
ஒன்று மட்டும்
இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றது.

"இப்படி எப்ப நின்னேன்னு
நானும் பத்து நாளா யோசிக்கிறேன்" என்றாள்.
"கல்யாணத்துக்கு முன்னாடியா இருக்குமோ?
அப்பவும் இல்லையே."

மூன்றரைக்கு அறுப்பு தொடங்கியது.
மற்றதெல்லாம் கட்டில் அடங்க அடங்க
அது நீண்டு, வரப்பைத் தாண்டி,
சடையப்பன் நிலத்தில் தலை வைத்தது.
சர்வேயர் பார்த்தால் ஆக்கிரமிப்பு என்பார்.
மேய வந்த வெள்ளாட்டின் மேல்
கல்லை விட்டெறிந்தாள் குப்பாயி.
அரிவாளை மட்டும்
அந்தப் பக்கம் கொண்டுபோகவே இல்லை.

பயிர்: இதர.
பாசனம்: மானாவாரி.
விளைச்சல்: முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி
அடித்து, பதினொன்று என்றாக்கிச்
சுருக்கொப்பம் இட்டேன்.
குறிப்புரைக் கலம் காலியாகவே இருக்கிறது.
வருவாய் ஆய்வாளர் கேட்பார், கேட்கட்டும்.

கடைசி பஸ்ஸில்
அவள் ஏற்றிய கட்டுகளில் ஒன்று
என் பக்கத்து சீட்டுக்கு வந்திருந்தது.
ஒன்பதாம் வளைவில் மெல்ல
என் தோளில் சாய்ந்தது,
நாள் முழுக்க வேலை செய்தவர்கள்
யார் தோள் என்று பாராமல் சாய்வார்களே, அப்படி.

லக்கேஜ் கிழிக்க வந்தார் கண்டக்டர்.
சேலம் ரெண்டு, என்றேன்.