பிழைத்திருத்தம்

இரண்டாயிரத்து நானூறு பிரதிகள்.
தார்த்து நகரத்து அருங்காட்சியகத்தின் பின்வாசலில் வந்திறங்கியபோது
அட்டைப்பெட்டிகள்மேல் பனி உருகிக்கொண்டிருந்தது.
உர்வே கத்தரிக்கோலால் முதல் பெட்டியைக் கிழித்தாள்.
மூவரும் குனிந்து மோந்து பார்த்தோம்.
மையும் பசையும் கலந்த அந்த வாசனைக்கு
ஒன்றரை வருட உழைப்பு.

அப்போதுதான் தொலைபேசி.

வோருவிலிருந்து ஹெல்டுர்.
"படத்தைத் தருவதற்கில்லை.
கழற்றிப் பார்த்தேன். சுவரில்
வெளுப்பாய் ஒரு கட்டம்.
மூன்று மாதம் அதன் முகத்தில் விழிக்க
என்னால் ஆகாது."
வைத்துவிட்டார்.

அச்சு வந்துவிட்டது.
அசல் வரவில்லை.

எண் நாற்பத்தொன்று, பக்கம் எண்பத்தேழு:
பனியில் துணி உலர்த்துபவள்.
கித்தான்மேல் எண்ணெய் வண்ணம்.
தனியார் சேகரிப்பு.
எழுதியவள் நான்தான்.
தனியார் என்ற சொல்லுக்குள்
ஒரு விறகடுப்பும் ஒரு கிழவரும் இருப்பது
எழுதும்போது தெரியாது.

மறுபடி அச்சடிக்கப் பணமில்லை என்றார் இயக்குநர்.
விரல் நீளத்தில் ஒரு துண்டுச்சீட்டு:
"எண் 41 காட்சியில் இடம்பெறவில்லை. வருந்துகிறோம்."
வருந்துவது யார் என்று அதில் இல்லை.

இரவு பதினொன்றுவரை செருகினோம்,
நானும் உர்வேயும் பிரீத்தும்.
திறக்கும்போதெல்லாம் அவள்
பல்லில் கவ்விய துணிக்கவ்வியோடு
எங்களைப் பார்த்தாள்.
கொடியில் விறைத்த சட்டை ஒன்று
ஆளில்லாமலே கை விரித்து நின்றது.
ஆயிரத்தைத் தாண்டியபின் உர்வே கேட்டாள்,
"கையுறைகூட இல்லையே இவளுக்கு?"
அதன்பின் மூவரும் அந்தச் சிவந்த விரல்களின் மேலேயே
சீட்டை வைத்து மூடினோம்.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.

காட்சி தொடங்கியது.
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்
ஆணியைப் பிடுங்க எல்லோரும் மறந்திருந்தோம்.
வந்தவர்கள் புத்தகத்தை விரித்து
வெற்றுச் சுவரோடு ஒப்பிட்டார்கள்.
பள்ளிப் பையன் ஒருவன்
ஆணியின் நிழலை வரைந்துகொண்டு போனான்.

ஹெல்டுருக்கும் ஒரு பிரதி அனுப்பினோம்.
நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது,
அதை மூட எங்களிடம் சீட்டு இல்லை.

மே மாதம், பென்சிலில் எழுதிய அஞ்சலட்டை:

"உங்கள் படத்தில் சிவப்பு தூக்கல்.
என் வீட்டில் அம்மாவின் விரல்கள் பழுப்பு,
அறுபது வருட அடுப்புப் புகை.
ஆனால் அது தொங்குவது உயரத்தில்.
மடியில் வைத்து அவளை நான் பார்த்ததே இல்லை.
வாளிக்குப் பின்னால் ஒரு காலடி இருக்கிறது,
சின்னது, செருப்பில்லாதது.
அன்று என்னைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ததாக
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.
நடந்திருக்கிறேன்."

அம்மா என்ற சொல்லை
இரண்டு தடவை படித்தேன்.
பிறகு பூதக்கண்ணாடி எடுத்து
என் பிரதியைத் திறந்தேன்.
வாளிக்குப் பின்னால் பனி, வெறும் பனி.
உர்வேயின் பிரதியிலும் பனி.
விற்காத பெட்டிகளைப் பிரித்து
ஒவ்வொன்றாய்ப் பார்த்ததில்
ஏழே ஏழில் மட்டும் ஒரு கறை:
ஓடும் தாளுக்கும் உருளைக்கும் நடுவே
எங்கிருந்தோ விழுந்த தூசு.

பிரீத் அச்சகத்துக்குப் புகார் எழுதினான்.
நான் வோருவுக்கு எழுதினேன்,
நாலு தடவை கிழித்து, ஐந்தாவதாக:
அச்சுப்பிழை. மன்னிக்கவும்.
அசலை அருகில் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பதில் வர ஆடி அசைந்து செப்டம்பர் ஆனது.
எமாயெகி ஆற்றில் இலைகள் மிதந்த வாரம்.

"பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி ஏறினேன்.
நீங்கள் சொன்னது சரி, அங்கே இல்லை.
ஆகவே போட்டுவிட்டேன்.
பென்சில்தான். அழுத்தவில்லை."

இயக்குநரிடம் இன்னும் காட்டவில்லை.
காட்டினால் பாதுகாப்புத் துறை, வழக்கறிஞர், வண்டி.
மாலையில் எல்லோரும் போனபின்
கோப்பைத் திறந்து
நாற்பத்தொன்றுக்குக் கீழே திருத்தினேன்:

கித்தான்மேல் எண்ணெய் வண்ணம்,
கொஞ்சம் பென்சில்.